பரணில் கிடந்த மிருதங்கம்: மூட்டு மாற்றுவதா, போல்ட் போடுவதா, அப்படியே விடுவதா?

பெரியப்பாவின் மிருதங்கம் 37 வருடம் பரணில் கிடந்தது. கும்பகோணத்து வீட்டை விற்க முடிவானபோது பித்தளை அண்டாவோடும் பழைய பஞ்சாங்கக் கட்டோடும் அதுவும் கீழே இறங்கியது. எட்டு முழ வேட்டி ஒன்றில் சுற்றி வைத்திருந்தார்கள். அவிழ்த்ததும் வலந்தலையின், அதாவது வலக்கைப் பக்கத் தலையின், நடுவிலிருக்கும் கறுப்பு வட்டமான சாதம் பாளம் பாளமாக வெடித்திருப்பது தெரிந்தது. பாதி உதிர்ந்து, வேட்டியின் மடிப்பில் கரித்தூளாகத் தங்கியிருந்தது. தொப்பியை, அதாவது இடந்தலையை, எலி கடித்திருந்தது. இரண்டு தலைகளையும் இழுத்துப் பிடிக்கும் தோல் வார் தளர்ந்து தொங்கியது. ஆனால் மரத்தை விரல் முட்டியால் தட்டினேன், ‘ணங்’ என்றது. அந்த ஒரு சத்தத்துக்காகத்தான் அடுத்த மூன்று மாதம் தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் சென்னைக்கும் அலைந்தேன்.

வீட்டில் ஆளுக்கொரு யோசனை. அண்ணன் கண்ணாடி அலமாரியில் வைக்கலாம் என்றார். டொரொண்டோவில் இருக்கும் அத்தை மகன், வாருக்குப் பதிலாகப் போல்ட் போட்டு அனுப்பினால் தன் மகள் வாசிப்பாள் என்றான். மாமா, இதற்குச் செலவு செய்கிற பணத்தில் புதிதாகவே ஒன்று வாங்கிவிடலாமே என்றார். அம்மா மட்டும், “அவர் வாசிச்ச மாதிரி ஒரு தடவையாவது கேக்கணும்” என்றார். நால்வர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எது எந்த நிலைமைக்குப் பொருந்தும் என்று தேடியபோது தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். தாத்தாவின் மிருதங்கம் ஒன்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யோசிப்பவர்களுக்கு உதவும்.

முதலில் ஒரு சொல் குழப்பம். மிருதங்கத்தின் மர உடலுக்கும் கட்டை என்றுதான் பெயர், சுருதியையும் கட்டை என்றுதான் சொல்கிறோம். இங்கே கட்டை என்றால் மரம். சுருதியைச் சொல்லும் இடத்தில் சுருதி என்று சேர்த்தே எழுதுகிறேன்.

கட்டையைப் பார்க்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள்

வயலினையோ வீணையையோ புதுப்பிக்கிறவர்கள் அதன் பழைய பாகங்களில் எத்தனை மிச்சம் இருக்கின்றன என்று பார்ப்பார்கள். மிருதங்கத்தில் அப்படிப் பார்த்துப் பயனில்லை. தோலும் வாரும் சாதமும் தேய்ந்து மாறுவதற்கென்றே இருப்பவை. கச்சேரி செய்கிறவர் ஒரே கட்டையில் வாழ்நாளில் எத்தனையோ மூட்டு (ஓரத்தில் வளையமாகப் பின்னிய தலைத் தோல்) மாற்றியிருப்பார். பெரியப்பா கடைசியாகப் போட்ட மூட்டு என்பதால் மட்டும் அதற்குத் தனி மதிப்பு வந்துவிடாது. மாறாமல் கூடவே வருவது கட்டை ஒன்றுதான். அதனால் எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு முன்னால், இந்தக் கட்டை இன்னொரு மூட்டைத் தாங்குமா என்ற கேள்வி இருக்கிறது.

நல்ல கட்டை பலா மரத்தில் செய்தது. பண்ருட்டிப் பக்கத்துப் பலாவுக்கு வாத்தியக்காரர்களிடம் நெடுங்காலப் பெயர் உண்டு. வைரம் பாய்ந்த நடுப்பகுதியில் குடைந்திருந்தால் மஞ்சள் நிறம் வருடக்கணக்கில் பழுத்துச் செம்பழுப்பாகியிருக்கும். வெளுப்பு மரம் கலந்திருந்தால் அந்த இடம் மட்டும் வெளிறித் தெரியும், வண்டும் அங்கேதான் முதலில் இறங்கும். எங்கள் கட்டையில் ஊசி முனை அளவு பதினைந்து இருபது துளைகள் இருந்தன. பழைய துளையா, உள்ளே இப்போதும் வண்டு இருக்கிறதா என்று கண்டுபிடிக்கத் தஞ்சாவூரில் ஒரு பெரியவர் எளிய வழி சொன்னார். கட்டையை வெள்ளைத் தாளின் மேல் நிறுத்தி, இரண்டு வாரம் தொடாமல் வையுங்கள். தாளில் புது மாவு உதிர்ந்தால் வண்டு உயிரோடு இருக்கிறது. எங்களுக்கு உதிரவில்லை.

தோலைக் கழற்றிய பிறகு இரண்டு சோதனைகள். இருட்டறையில் கட்டைக்குள்ளே ஒரு சின்ன விளக்கை இறக்குங்கள். வெளியிலிருந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசலும் ஒளிக்கோடாகத் தெரிந்துவிடும். அப்புறம் கட்டையைச் சமமான கண்ணாடிப் பலகையின் மேல் நிறுத்தி அதே விளக்கை உள்ளே வையுங்கள். வாய்விளிம்பு சமமாக இருந்தால் அடியில் வெளிச்சம் கசியாது. கசிகிற இடத்தில் தோல் ஒழுங்காகப் படியாது, எத்தனை தட்டினாலும் அந்தக் கண்ணில் (ஓரத்தில் வார் நுழையும் இடம்) மட்டும் சுருதி சேராது.

விரிசல் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அது சின்ன வேலையா பெரிய வேலையா என்று சொல்ல முடியும். வயிற்றுப் பகுதியில் மரத்தின் நரம்போடு ஓடுகிற மயிரிழை விரிசல் என்றால் பயப்பட வேண்டாம். அதே மரத்தூளும் பசையும் சேர்த்து அடைத்தால் பல வருடம் நிற்கும். கொஞ்சம் அகன்றிருந்தால் பலாச் சிம்பு ஒன்றைச் சீவி ஆப்பாக இறக்குவார்கள். விரிசல் வாய்விளிம்பைக் கடந்து போயிருந்தால் விஷயம் வேறு. மூட்டின் மொத்த இழுவையும் அந்த விளிம்பின் மேல்தான் விழுகிறது. அங்கே பிளந்த கட்டைக்கு என்ன செய்தாலும் நம்பி ஒரு கச்சேரிக்கு எடுத்துப் போக முடியாது. அப்படிப்பட்ட கட்டை உங்களிடம் இருந்தால் ‘அலமாரியில் வைப்பது என்றால்’ என்ற பகுதிக்குப் போய்விடலாம், அலமாரிதான் அதற்கு நல்ல இடம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பட்டறையில் கொடுத்ததும் கட்டையைக் கடைசலில் ஏற்றி மேல்தோலைச் சீவிப் புதுசு மாதிரி ஆக்கித் தருகிறோம் என்பார்கள். சம்மதிக்காதீர்கள். பத்து வருடத்துக்கு முன்னால் எங்கள் உறவில் ஒருவர் அப்படிச் செய்யச் சொல்லி ஒரு கடையில் கொடுத்தார். பளபளவென்று திரும்பி வந்தது. ஆனால் சுவர் இளைத்துப்போய், தொப்பியின் கும்கி என்கிற வளைந்தெழும் முழக்கம் வயிற்றில் நிற்காமல் ஓடிவிட்டது. சீவிய மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. பெரியப்பாவின் கட்டையில் வார் பல வருடம் அழுத்திய தடம் நெடுக ஓடுகிறது. தொடையில் சாய்ந்த இடம் மட்டும் எண்ணெய் தேய்த்தாற்போல் மினுங்குகிறது. ஈரத்துணியால் துடைத்ததோடு விட்டுவிட்டோம்.

இருக்கிற தோலையே காப்பாற்றலாமா

செலவு குறைந்த வழி இது. வாரை இழுத்துப் பிடித்து, பழைய சாதத்தைச் சுரண்டிவிட்டுப் புது சாதம் போடுவது. ஒன்றிரண்டு வருடம் வாசிக்காமல் இருந்த மிருதங்கத்துக்கு இது போதும். நன்றாகவே வேலை செய்யும்.

ஆனால் பத்து இருபது வருடம் கிடந்த தோல் செத்துப்போன தோல். விரலால் அழுத்தினால் திரும்பி எழாமல் காகிதம் மாதிரி நொறுநொறுக்கும். வாரை இழுக்கும்போதே கண்ணில் கிழியும். அதிர்ஷ்டவசமாகக் கிழியவில்லை என்றாலும் நாதம் வராது. திருச்சியில் ஒருவர் எங்களிடம் இதற்கு ஒப்புக்கொண்டு முன்பணம் கேட்டார். வேறொருவர் தோலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இதுக்கு நான் காசு வாங்கினா அது தப்பு சார்” என்றார். பிறகு வேலையை அவரிடமே கொடுத்தோம்.

பாதி வழி ஒன்றும் உண்டு. மூட்டு மட்டும் புதுசு, வார் பழசு. செலவைக் குறைக்க இதைக் கேட்கிறவர்கள் நிறையப் பேர். எருமைத் தோலில் அறுத்த வார் காய்ந்து போனால் நீளவாட்டில் வெடிப்பு விடும். இரண்டு தலைகளையும் பிணைத்துக்கொண்டு முழுக்கச் சுற்றி ஓடுகிற வார் அது. ஒரு இடத்தில் அறுந்தாலும் இரண்டு தலையும் தளர்ந்துவிடும். புது மூட்டை அந்த வாரை நம்பிக் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

முழு மூட்டும் வாரும்: பழைய முறை

ஒப்பிடுவதற்கு முன்னால் இந்த வேலையில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. விலையைக் கேட்டு முகம் சுளிக்கிறவர்கள் ஒருநாள் பட்டறையில் உட்கார்ந்து பார்த்தால் சுளிக்க மாட்டார்கள்.

ஆடு, மாடு, எருமை மூன்றின் தோலும் ஒரு மிருதங்கத்தில் சேர்கின்றன. வலந்தலையில் மட்டும் தோல் மூன்று அடுக்கு. மேலே இருக்கும் அடுக்கை வட்டமாக வெட்டி எடுத்து, நடுவில் சாதம் போடும் இடத்தைத் திறந்து விடுகிறார்கள். ஓரத்தைச் சுற்றித் தோல் வாரால் பின்னிய தடித்த வளையம்தான் மூட்டு. அதில் 16 கண்கள், ஒவ்வொன்றின் வழியாகவும் வார் போய் எதிர்த் தலைக்கு இறங்கி ஏறுகிறது. வலந்தலையைக் கல்லால் தட்டிச் சுருதி சேர்ப்பது இந்தக் கண்களில்தான். மேலிருந்து தட்டினால் சுருதி ஏறும், கீழிருந்து தட்டினால் இறங்கும்.

சாதம் தனிக் கலை. இரும்புச் சத்துள்ள கருங்கல்லின் பொடியைக் குழைந்த சோற்றோடு பிசைந்து, ஒரு சிட்டிகை எடுத்துத் தடவி, வழவழப்பான கல்லால் தேய்த்துக் காய வைத்து, அதன் மேல் அடுத்த சிட்டிகை. இப்படி அடுக்கடுக்காக, நடுவில் தடித்தும் ஓரத்தில் மெலிந்தும் ஏற்றுவார்கள். இடையிடையே தட்டிக் கேட்பார்கள். எங்கள் வேலையைச் செய்தவர் கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்டார்.

இந்தக் கறுப்பு வட்டம் அலங்காரத்துக்கு இல்லை. சாதாரண மேளத்தின் தோலில் எழும் அதிர்வுகள் ஒன்றோடொன்று சுரம் சேராதவை, அதனால்தான் அது வெறும் சத்தமாகக் கேட்கிறது. திருவானைக்காவலில் பிறந்த சி. வி. ராமன், கல்கத்தாவில் இருந்தபோது சிவகாளி குமாருடன் சேர்ந்து 1920-ல் ‘நேச்சர்’ இதழில் இதைப் பற்றி எழுதினார். 1934-ல் விரிவாக இன்னொரு கட்டுரையும் எழுதினார். நடுவில் எடை ஏற்றிய தோலில் எழும் முதல் ஒன்பது அதிர்வு முறைகளும் ஐந்து சுரங்களாக ஒழுங்குபட்டு, அடிப்படைச் சுரத்தின் மடங்குகளாக அமைகின்றன என்று காட்டினார். மிருதங்கத்தின் மீட்டுச் சொல் (வலந்தலையில் விரலால் எழுப்பும் சுரமுள்ள ஒலி) தம்புராவோடு ஒட்டிப்போவதற்குக் காரணம் இதுதான். அதனால்தான் பழைய சாதத்தில் வெடிப்பு விழுந்த இடத்தில் பசை ஊற்றி ஒட்டுவது, மேலே ஒரு பூச்சுப் பூசுவது போன்ற வீட்டு வைத்தியங்கள் எதுவும் உதவாது. எடை எந்த இடத்தில் எவ்வளவு என்பதுதான் அங்கே எல்லாமே.

மூட்டுப் போடச் சொல்லும்போது குச்சியா கப்பியா என்றும் கேட்பார்கள். வலந்தலையின் தோல்களுக்கு இடையில் சிறு குச்சித் துண்டுகளைச் செருகினால் ஒரு ரீங்காரம் கிடைக்கும். கப்பியில் குச்சிக்குப் பதிலாகக் கல் பொடி வைப்பார்கள். பெரியப்பாவின் மூட்டைப் பிரித்தபோது உள்ளே குச்சி இருந்தது. அம்மா கேட்க நினைத்த சத்தம் அதுதான் என்பதால் எங்களுக்கு யோசனையே தேவைப்படவில்லை. நீங்களும் பழைய மூட்டைப் பிரிக்கும்போது பக்கத்தில் இருங்கள். தூக்கிப் போட்டுவிட்டால் அப்புறம் தெரிந்துகொள்ள வழியில்லை.

பழைய முறையின் குறைகளையும் சொல்ல வேண்டும். தோல் ஈரத்தைக் குடிக்கும். ஐப்பசி அடைமழையில் சுருதி இறங்கும், ஏசி அரங்கில் ஏறும். இரண்டு தலைக்கும் வார் பொது என்பதால் ஒன்றை இழுத்தால் மற்றதும் அசையும். வார் பிடிக்கக் கைப்பழக்கமும் வலுவும் வேண்டும், வீட்டில் நாமே செய்கிற வேலை இல்லை. ஆகவே கூப்பிடு தூரத்தில் செய்கிறவர் இருந்தால்தான் இந்த வழி சுகம். இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு போக வேண்டும்.

போல்ட் போடுவது

இதைக் கேவலமாகப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தவிலைப் பாருங்கள். வார் இருந்த இடத்துக்கு எஃகுப் பட்டையும் போல்ட்டும் வந்தன, இன்று எங்கும் அதுதான் வழக்கம். வித்வான்களே விரும்பி ஏற்றுக்கொண்ட மாற்றம் அது.

மிருதங்கத்தில் போல்ட் போட்டால் இரண்டு தலையும் தனித்தனி. வலந்தலையைச் சாவியால் திருகி ஏற்றினால் தொப்பி அசையாது. மூட்டுக் கிழிந்தால் கழற்றிவிட்டு, தயாராக வைத்திருக்கும் இன்னொன்றை மாட்டிக்கொள்ளலாம். டொரொண்டோவில் இதன் அருமை தெரியும். குளிர்காலத்தில் வீட்டுக்குள் சூடு போட்டுக் காற்று வறண்டு போகும், தோல் முறுக்கேறி சுருதி எகிறும். கோடையில் நேர்மாறு. வார் பிடிக்க ஆள் தேடி அலைய வேண்டும். அத்தை மகன் போல்ட் கேட்டதில் தவறே இல்லை.

எனக்கு இருந்த தயக்கம் வேறு. போல்ட் மாட்டுவதில் இரண்டு விதம் பார்த்தேன். ஒன்றில் கட்டையின் வயிற்றைச் சுற்றி ஒரு இரும்பு வளையம் போட்டு, அதிலிருந்து இரண்டு பக்கமும் கம்பிகளை இழுக்கிறார்கள். கட்டையில் துளை இல்லை. நாளைக்கே மனம் மாறினாலும் கழற்றிவிட்டு வாருக்குத் திரும்பலாம். இன்னொன்றில் கட்டையிலேயே துளையிட்டுப் பிடிமானம் வைக்கிறார்கள். புதிதாகக் கடைந்த கட்டைக்கு அது பரவாயில்லை. பல வருடம் காய்ந்து இறுகிய பலாவில் துளை போட்டால் அங்கிருந்து விரிசல் கிளம்பக்கூடும், கிளம்பாவிட்டாலும் அந்தத் துளைகளை மூட முடியாது. எனவே பழைய கட்டைக்குப் போல்ட் போடுவதாக முடிவு செய்தால், துளை போடாத முறையில் செய்கிறவரிடம் மட்டும் கொடுங்கள். வேலை தொடங்குவதற்கு முன்னால் இதை வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். கேட்காமல் இருந்தால் அவர்களுக்கு எது சுலபமோ அதைச் செய்வார்கள்.

எடையும் கூடும். தொடையில் வைத்து இரண்டு மணி நேரம் வாசிக்கிறவருக்கு அது சின்ன விஷயம் இல்லை. நாதத்தில் வித்தியாசம் இருக்கிறதா என்றால், இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்டதில் எனக்குப் போல்ட்டின் ‘தீம்’ கொஞ்சம் கூர்மையாகவும், வாரின் ‘தீம்’ கொஞ்சம் உருண்டும் கேட்டது. இது என் காது. ஒலிபெருக்கி வழியாகக் கேட்டபோது எனக்கே தெரியவில்லை.

புதிது வாங்குவது, ஃபைபர் வாங்குவது

மாமா சொன்னதில் உள்ள உண்மை, சுருதியைப் பற்றிப் பேசினால்தான் விளங்கும். மிருதங்கத்தின் சுருதி எல்லையைக் கட்டையின் அளவுதான் தீர்மானிக்கிறது. சுமார் 22 அங்குலக் கட்டை ஹெச்சு (உயர்ந்த) சுருதிக்கு, 24 அங்குலம் தக்கு (தாழ்ந்த) சுருதிக்கு. பெண்கள் பாடும் ஐந்து கட்டைச் சுருதிக்கும் ஆண்கள் பாடும் ஒரு கட்டைச் சுருதிக்கும் ஒரே மிருதங்கம் ஈடுகொடுக்காது. இழுத்துப் பிடித்து ஏற்றலாம்தான். தோல் சீக்கிரம் கிழியும், அதற்குள் நாதமும் செத்துவிடும்.

பெரியப்பாவினுடையது 22 அங்குலத்துக்குக் கால் அங்குலம் கூடுதல். அந்தக் கட்டை அவருக்கே அவர் குருநாதரிடமிருந்து வந்தது என்று அம்மா சொல்கிறார். ஒலிபெருக்கி வருவதற்கு முன்னால் ஆண் வித்வான்களும் உயர்ந்த சுருதியில்தான் பாடினார்கள், கடைசி வரிசைவரை குரல் போய்ச் சேர வேண்டுமே. பழைய கட்டைகளில் ஹெச்சு அதிகம் இருப்பதில் ஆச்சரியம் இல்லை. டொரொண்டோக் குழந்தை பெரும்பாலும் ஆண்குரல் பாட்டுக்குத்தான் வாசிக்கிறாளாம். போல்ட் போட்டு அனுப்பியிருந்தால் கப்பல் செலவும் செய்து, அவளுக்கு உதவாத ஒரு வாத்தியத்தைக் கொடுத்திருப்போம். அளந்து பார்க்காமல் பேசிக்கொண்டிருந்தபோது இது யாருக்கும் தோன்றவில்லை. ஆகவே தயவுசெய்து அங்குல நாடாவை எடுங்கள். யார், எந்தச் சுருதியில் வாசிக்கப் போகிறார் என்று முடிவாகாமல் மூட்டுக்காரரிடம் போகாதீர்கள்.

ஃபைபர் மிருதங்கத்தைப் பெரிய அளவில் மேடைக்குக் கொண்டுவந்தவர் மிருதங்க வித்வான் உமையாள்புரம் சிவராமன். மரபில் தலைசிறந்தவரே அதைச் செய்தார் என்பதால் தயங்க வேண்டியதில்லை. கட்டை விரியாது, வண்டு அரிக்காது, தூக்க லகு. பெங்களூரில் தோலுக்குப் பதிலாகச் செயற்கைத் தலை வைத்த மிருதங்கங்களும் உருவாகியிருக்கின்றன. விலங்குத் தோல் வேண்டாம் என்கிறவர்களுக்கும், தட்பவெப்பம் படுத்துகிற ஊர்க்காரர்களுக்கும், தினசரி சாதகத்துக்கும் அவை நல்ல துணை. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்களுக்கு இன்னொரு சௌகரியம்: அங்கே விலங்குத் தோல் பொருட்களைச் சுங்கத்தில் அறிவித்துச் சோதனைக்குக் காட்ட வேண்டும், செயற்கைத் தலைக்கு அந்தக் கவலை இல்லை. இறுதியில் டொரொண்டோவுக்கு அனுப்பியது 24 அங்குலத்தில் புதிய போல்ட் மிருதங்கம்தான். அது அவளுடைய வாத்தியமாக வளரட்டும்.

ஆனால் புதிது வாங்குவதைப் பழையதற்கு மாற்றாகப் பேசுவதை நான் ஏற்கவில்லை. காய்ந்து முடித்த கட்டை இனி அசையாது. புதுக் கட்டை இன்னும் சில கோடைகளைப் பார்க்க வேண்டும், அப்போதுதான் எங்கே விரியும் எங்கே வளையும் என்று தெரியும். நல்ல பழைய கட்டை கிடைத்தால் வித்வான்கள் விடமாட்டார்கள் என்பதைப் பட்டறைகளில் நேரிலேயே பார்த்தேன். எங்கள் கட்டையைப் பார்த்ததும் ஒருவர் விலை கேட்டார்.

அலமாரியில் வைப்பது என்றால்

வாய் பிளந்த கட்டைக்கும், வாசிக்க வீட்டில் யாருமே இல்லாத கட்டைக்கும் இது மரியாதையான வழிதான். வாரைச் சற்றுத் தளர்த்தி வையுங்கள், காய்ந்த வார் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்க வேண்டாம். வாசிக்கும் முன் தொப்பியில் பிசைந்து ஒட்டுவார்களே, அந்தப் பழைய ரவையைச் சுத்தமாகச் சுரண்டிவிடுங்கள். எங்கள் தொப்பியை எலி கடித்ததற்கு அந்த ரவைதான் காரணம். கரப்பானும் அதற்குத்தான் வரும். வெயில் படும் ஜன்னலோரம் வேண்டாம். மெருகெண்ணெய் பூச வேண்டாம். பக்கத்தில் வசம்புத் துண்டு ஒன்று போட்டு வைக்கலாம்.

வாசிக்கக்கூடிய கட்டையை அலமாரியில் வைப்பது பற்றி அண்ணனிடம் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசினேன். அவர் மகனுக்குப் பன்னிரண்டு வயது, மூன்றாவது வருடமாக மிருதங்கம் கற்கிறான், குருவின் வீட்டில் பாடுகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவனுக்கு வேண்டிய சுருதிக்கான கட்டை வீட்டிலேயே கிடக்கிறது. இதைவிட வேறென்ன வேண்டும்?

யாரிடம் கொடுப்பது

எங்கள் முடிவு பழைய முறை: முழு மூட்டு, புது வார், குச்சி. விலையை மட்டும் வைத்து ஒப்பிட்டிருந்தால் வேறு இடத்துக்குப் போயிருப்போம். மூட்டு, வார், சாதம், கட்டை வேலை நான்குக்கும் தனித்தனியாக விலை கேளுங்கள். சேர்த்துச் சொன்னால் எதில் சிக்கனம் பிடிக்கிறார்கள் என்று தெரியாது. பேரம் பேசாதீர்கள். தோல் பதம் பார்த்து வாங்குவதிலிருந்து முடி நீக்கி, காய வைத்து, வார் அறுத்துப் பின்னுவதுவரை அத்தனையும் உடம்பை வருத்துகிற, நாற்றத்தைச் சகித்துச் செய்கிற வேலை. அந்த வேலையைச் செய்கிறவர்களைச் சபை நெடுங்காலம் வாசலோடு நிறுத்தி வைத்தது. மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயரின் நாதத்தைப் பற்றி இன்றும் பேசுகிறோம். அந்த நாதத்துக்காக அவரோடு பல வருடம் உழைத்த மூட்டுக்காரர் தஞ்சாவூர் பர்லாந்தின் பெயர் எத்தனை ரசிகர்களுக்குத் தெரியும்? உங்கள் மிருதங்கத்துக்கு மூட்டுப் போட்டவரின் பெயரையும் தேதியையும் ஒரு சீட்டில் எழுதி உறைக்குள் வைத்துவிடுங்கள். பெரியப்பாவின் மிருதங்கத்துக்கு மூட்டுப் போட்டவர் யார் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கு அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

வேலை முடிய நான்கு வாரம் ஆனது. நடுவில் மழை பிடித்துக்கொண்டதால் சாதம் காய நாளானது, அவசரப்படுத்தவில்லை. மார்கழி இரண்டாம் வாரம் வீட்டுக்கு வந்தது. தோல் இன்னும் இழுவைக்குப் பழகவில்லை, முதல் சில வாரம் சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும், கல்லால் ஓங்கித் தட்டி ஏற்ற வேண்டாம் என்று மூட்டுப் போட்டவர் சொல்லி அனுப்பினார். அண்ணன் மகன் ரவையைப் பிசைந்து தொப்பியில் ஒட்டி, தம்புராவைப் போட்டுக்கொண்டு ஆதி தாளத்தில் முதல் பாடத்தை வாசித்தான். அம்மா அடுக்களையில் வேலையாக இருந்தார். குச்சியின் ரீங்காரம் கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்து உட்கார்ந்தார். பாடம் முடியும்வரை எழுந்திருக்கவில்லை.

மறுபடி வார் பிடிக்க மாசியில் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.